தேமாவின் இருமல்

தேமாவுக்கு இருமல் நோய் ஒன்றும் கிடையாது. ஆனால் காட்டுக்குள் கால் வைத்துவிட்டால் இருமுவாள். ஒருமுறை இருமினால் பறவை இடது பக்கம். இரண்டு முறை என்றால் வலது பக்கம். தொண்டையைச் செருமினால் தலைக்கு மேலே, கிளையில்.

முன்னால் நடக்கும் அவள் கணவன் கோஞ்சோ சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துவான். "அதோ, கேக்குதா?" என்று விருந்தாளிகளிடம் கிசுகிசுப்பான். அவனுக்குக் கேட்டிருக்காது.

வடகிழக்கு மலைகளுக்கு நடுவே இருக்கும் திராங் பள்ளத்தாக்கில் கோஞ்சோவின் காதுக்குத் தனி மதிப்பு உண்டு. வாலிபத்தில் வேட்டைக்காரன். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிப் பதினாறு வருடமாகிறது. பறவை பார்க்க மலையேறி வருகிறவர்கள் அவன் பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள். ஆந்தையின் குரலும் மனிதர் பேச்சும் இன்றைக்கும் அவனுக்கு நன்றாகவே கேட்கும். ஊசிமுனை போன்ற மெல்லிய குரல்கள்தான் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போய்விட்டன.

தேமா அதைத் தெரிந்துகொண்டது மூன்று வருடத்துக்கு முன்னால். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரத்தில் ஒரு பொடிக்குருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதே மரத்தடியில் நின்றுகொண்டு கோஞ்சோ, "என்ன தேமா, இந்த வருஷம் குருவிங்க ஒண்ணையும் காணோம்?" என்றான். அவள் உள்ளே போய், பிசைந்து முடித்த கோதுமை மாவையே மறுபடி பிசைந்துகொண்டு நின்றாள்.

அடுத்த பயணத்துக்கு அவன் பை கட்டும்போது அவளும் கெட்டிலை எடுத்து வைத்தாள். "நானும் வரேன். வழியில டீ போட ஆள் வேணும்ல?"

அவன் ஏற இறங்கப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டில் அவள் முதல்முறை இருமியபோது, எதுவும் பேசி வைத்துக்கொள்ளாமலே, இடது பக்கம் திரும்பினான். அன்றிலிருந்து இப்படித்தான். வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து லாஹிரி தம்பதி வந்தார்கள். சுபிமல் லாஹிரி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கை நீளக் கேமராவைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நடப்பார். மனைவி நிருபமா பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். எட்டு நாள் நடை. அவள் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பறவையைத்தான். பெரணிச் செடிகளுக்கு அடியில் ஓடித் திரியும், வாலே இல்லாத, கட்டைவிரல் அளவுக் குருவி. திராங் பக்கத்தில் எலிக்குருவி என்பார்கள். அதன் குரல் உடம்பைவிடப் பெரியது. ஆனால் கோஞ்சோவின் காதுக்கு எட்டாத அளவுக்குக் கீச்சு.

இரண்டாம் நாளே நிருபமா பையிலிருந்து சிவப்புப் புட்டியை எடுத்தாள்.

"தேமா, இந்த இருமலோட இப்படி மலை ஏறுறியே! ரெண்டு மூடி குடி."

"வேணாம் தீதி, தூசிதான்." தீதி என்றால் அக்கா.

"பனியில ஏது தூசி? வாயைத் திற."

தேமா குடித்தாள். மருந்து வெல்லப்பாகு மாதிரி இனித்தது. அன்று மத்தியானம் கற்பாறையில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். கோஞ்சோ அவள் முகத்தில் வெயில் படாமல் தொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னிக்குப் பறவையெல்லாம் ஓய்வுல இருக்கு சார்" என்று விருந்தாளிகளையும் உட்கார வைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் கணவாயைக் கடக்கும்போது ஆலங்கட்டி மழை பிடித்தது. நிருபமா குளிரில் நடுங்கியதைப் பார்த்துத் தேமா தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள். இரண்டு மணி நேரம் நனைந்தாள். கணவாய்க்குக் கீழே, தாத்தா காலத்தில் திபெத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பதினோரு வீடுகள். அதில் லாக்யி என்ற பெண்ணின் வீட்டில் தங்கினார்கள். விடியும்போது தேமாவுக்கு உடம்பு கணகணவென்று சுட்டது. நெஞ்சுக்குள் சளி கட்டியிருந்தது.

"நீ இங்கயே இரு. லாக்யி பாத்துக்குவா" என்றான் கோஞ்சோ.

"நான் இல்லாம..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "டீ யார் போடுவா?"

அவன் கெட்டிலைத் தானே தூக்கிக்கொண்டான். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஓடையோரத்தில் பெரணிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. எலிக்குருவி இருக்க வேண்டிய இடம்தான். கோஞ்சோ மெல்ல அடியெடுத்து வைத்தான். தேமாவுக்குத் தொண்டை அரித்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. ஒருமுறை இருமினாள்.

கோஞ்சோ இடது பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினான். "அதோ!"

அடுத்து இரண்டு இருமல். அவன் வலது பக்கம் திரும்பினான். லாஹிரி தம்பதியும் திரும்பினார்கள். பிறகு அவளுக்கு இருமல் அடைமழையாகப் பிடித்துக்கொண்டது. மூன்று, ஐந்து, நடுவில் ஒரு செருமல். கோஞ்சோ இடது, வலது, ஆகாயம், மறுபடி இடது என்று சுழன்றான். சுபிமல் கேமராவோடு ஒரு முழுச் சுற்று சுற்றி, கால் வழுக்கிப் பாசியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கோஞ்சோ நின்றான். மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"தேமா, இதுல எது நெசம்?"

மூன்று வருடத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுக் கேட்டான், அதுவும் விருந்தாளிகள் முன்னால். தேமா கண்ணில் நீர் வழிய, "எல்லாமே இருமல்தான். குருவி எதுவும் கத்தல" என்றாள்.

கோஞ்சோ கெட்டிலைக் கீழே வைத்தான். "எனக்குக் காது போயிடுச்சு சார்" என்றான். "இத்தனை நாளும் இவ கேட்டதைத்தான் நான் காட்டிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு ஓடைக்கரைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நிருபமா பாசியிலிருந்து கணவரைத் தூக்கிவிட்டாள். "எனக்கு மொத நாளே சந்தேகம். வீட்டுக்குள்ள இவ ஒரு தடவைகூட இருமினதில்ல. காட்டுல மட்டும் எப்படி வருதுன்னு யோசிச்சேன்."

"அப்புறமும் மருந்து குடுத்தியே!" என்றார் சுபிமல்.

"நல்ல நடிப்புக்கு நான் மட்டும் மரியாதை குடுக்க வேணாமா? உங்க கதையையும் சொல்லட்டுமா?" நிருபமா ஓடைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "கோஞ்சோ, இவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. நான் கையைப் பிடிச்சுக் கேமராவைத் திருப்புவேன், இவர் அமுக்குவார். வீட்டுக்குப் போய்ப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, 'அடடா, நானா எடுத்தேன்'னுவார்."

தேமா ஓடைக்கரைக்குப் போய்க் கோஞ்சோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிரிக்கிறாங்களா?" என்றான்.

"சிரிக்கிறாங்க. உன்னைப் பாத்து இல்ல."

"நான் எதுக்கும் லாயக்கில்லாமப் போயிட்டேன் தேமா."

"பேசாம இரு. அந்தக் குருவி எந்தப் பெரணிக்கடியில இருக்கும், எப்ப வெளிய வரும், எங்க நின்னா பயப்படாது, எனக்குத் தெரியுமா? குரல் வர்ற பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அது..." இருமல் வந்து பேச்சை மறித்தது. அவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். இருமல் அடங்கும்வரை தடவிக்கொண்டே இருந்தான்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்குக் கேட்டது. ஓடைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு, கண்ணாடியில் ஆணி கீறியதுபோல மூன்று கீச்சு. அவள் அவன் தோளைப் பற்றி அக்கரையைக் காட்டினாள். "அங்க. அந்த விழுந்த மரத்துக்குக் கீழ."

கோஞ்சோ ஒரு நொடி பார்த்தான். "அது நேரா வராது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஈரமண்ணு இருக்கு, அதுலதான் வரும். தீதியை இந்தப் பாறைக்குக் கூட்டி வா. உக்காரச் சொல்லு. யாரும் கையை ஆட்டக் கூடாது."

அரை மணி நேரம் அசையாமல் இருந்தார்கள். தேமா போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கோஞ்சோ சொன்ன இடத்திலேயே அது வெளியே வந்தது. பழுப்பு நிறம், செதில் செதிலாக நெஞ்சு, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தலையைத் தூக்கிக் கீச்சிட்டுவிட்டு ஓடி மறைந்தது. நிருபமா பைனாகுலரை இறக்கவே இல்லை. கன்னத்தில் ஈரம் இறங்கியது. சுபிமலின் கேமராவை இம்முறை குருவியின் பக்கம் திருப்பிவிட்டவன் கோஞ்சோ.

சாயங்காலம் லாக்யியின் வீட்டில் அடுப்பைச் சுற்றி அண்டை அயலார் கூடியிருந்தார்கள். லாக்யி சாராயத்தில் வெண்ணெயும் முட்டையும் போட்டுக் காய்ச்சித் தேமாவுக்குக் கொடுத்தாள். கோஞ்சோ எழுந்து, காலையில் நடந்ததை நடித்தே காட்டினான். அவன் சுழன்ற சுழற்சியில் சுவரோரம் இருந்த பால் வாளி கவிழ்ந்தது. கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தேமா முகத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் ஒரு வார்த்தை சொல்லலியா நீ?" என்று லாக்யி அவளைக் கேட்டாள்.

"அவர் கேக்கல" என்றாள் தேமா.

மழைக்காலத்தில் கோஞ்சோ சமவெளிக்கு இறங்கி டாக்டரைப் பார்த்து, காதுக்கு ஒரு கருவி வாங்கி வந்தான். வீட்டுக்குள் மாட்டிக்கொள்வான். "நீ இவ்வளவு முணுமுணுப்பன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்பான். காட்டில் காற்று அதற்குள் புகுந்து இரைவதால் கழற்றிப் பையில் போட்டுவிடுவான்.

இப்போது விருந்தாளிகள் வந்தால் தேமாதான் முன்னால் நடக்கிறாள். கேட்கும் பக்கம் கையை நீட்டுகிறாள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கோஞ்சோ சொல்கிறான். டீயும் அவனே போடுகிறான். அந்த மலையில் டீக்கு உப்புதான் போடுவார்கள்; அவன் போட்டால் அது எப்போதும் கூடிவிடுகிறது. யாரும் குறை சொல்வதில்லை. தேமா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அவனிடமே நீட்டுகிறாள்.

"நீயே குடிச்சுப் பாரு."

குடித்துப் பார்க்கிறான். "நல்லாத்தானே இருக்கு?" என்கிறான்.