சக்கரக் கதவில் ஒரு சிவப்புக் கோடு

கண்ணாயிரத்துக்கு உலகத்தில் பிடிக்காதது அழுக்கு ஒன்றுதான். அவர் கஷ்டகாலம், உலகம் முழுக்க அதுதான் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன் கைக்குட்டையால் துடைப்பார். உட்கார்ந்த பிறகு கைக்குட்டையைப் பார்த்து முகம் சுளிப்பார். விமானப்படையில் இருபது வருஷம் விமானங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்துவிட்டு, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்குத் திரும்பிய மனிதர். பௌர்ணமி முடிந்த காலையில் வாசலில் கிடக்கும் அன்னதானத் தட்டுகளையும் மிதிபட்ட சாம்பார் சாதத்தையும் பார்த்து, "த்தூ, ஜனங்களா இதுங்க?" என்று ஆரம்பித்தாரானால் பத்து மணி வரை வாய் ஓயாது.

அப்படிப்பட்டவர் பக்கத்து ஊர் வேங்கிக்காலில் ரூபீனாவிடம் போய் மாட்டினார். ரூபீனா பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, ஏர்பிரஷ்ஷில் வண்ணம் அடித்து, அப்புறம் வேலை மெனக்கெட்டு அவற்றை அழுக்காக்குகிறவள். புகைக் கரி, எண்ணெய் வழிசல், வெயிலில் வெளுத்த பெயின்ட் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவாள். அந்த அழுக்குக்காகவே பெங்களூரிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருகிறார்கள்.

கண்ணாயிரம் கேட்டது, அவர் வேலை பார்த்த பயிற்சி விமானம், அதே எண்ணோடு. அதை ஓட்டிய பைலட் அருணகிரி பௌர்ணமிக்கு மறுநாள் வீட்டுக்கு வருகிறார், அவருக்குத் தருவதற்கு. அடையாளத்துக்கு 1994இல் எடுத்த ஒரு படத்தையும் கொடுத்திருந்தார். விமானத்தின் மூக்கருகே இரண்டு பேரும் தோளில் கை போட்டு நிற்கிற படம்.

பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு ரூபீனா விமானத்தை மேஜை மேல் வைத்தாள். முழங்கை நீளம். கண்ணாயிரம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னாம்மா இது, எருமை பொரண்ட மாதிரி? பொகை, பிசுக்கு! ஏரோப்ளேன்ல அழுக்கு இருந்தா அது யார் மேல புகார் தெரியுமா? என் மேல. இருபது வருஷத்துல ஒருத்தன் என் வண்டியத் தொட்டு வெரல்ல கறை பாத்தது கெடையாது."

"பறந்த வண்டின்னா இவ்ளோ இருக்கும் சார். இதுவே கம்மிதான்."

அவர் குனிந்தார். மூக்குச் சக்கரத்தை உள்ளே வைத்து மூடும் கதவு திறந்திருந்தது; அதில், மேலிருந்து கீழாக, நூல் போல ஒரு சிவப்புக் கோடு வழிந்திருந்தது.

"இது இன்னா கருமம்? வெத்தல எச்சிலா?"

"அது நானா போடலைங்க. நீங்க குடுத்த ஃபோட்டோலயே இருக்குது." ரூபீனா செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டு சிரித்த முகங்களுக்குப் பின்னால், கதவில், அதே கோடு.

முப்பது வருஷமாக அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தினமும் கண்ணாடியைத் துடைக்கிறார். தன் முகத்தைத் தவிர அதில் எதையும் அவர் பார்த்ததில்லை.

கோடு ஞாபகத்துக்கு வந்தது. அன்று காலை படம் எடுத்து முடிந்ததும் அதைப் பார்த்தார். சக்கரத்தை ஏற்றி இறக்குகிற சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெயின் கசிவு. பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் வண்டி அன்று பறக்காது. பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிற நாள், தன் வண்டியின் பேரில் ஒரு குறையா? துணியை எடுத்தார். ஒரே துடைப்பு. கதவு பளபளத்தது. பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் அருணகிரி அதை ஓட்டிக்கொண்டு திரும்பியபோது மூக்குச் சக்கரம் இறங்கவில்லை. விமானம் மூக்கால் ஓடுபாதையை உழுதுகொண்டு போய் நின்றது. அருணகிரிக்கு முதுகெலும்பு போயிற்று. அதற்குப் பிறகு அவர் பறக்கவில்லை. விசாரணையில், திடீரென்று போன பாகம், யார் மேலும் தப்பில்லை என்றார்கள். "கண்ணாயிரம் கைபட்ட வண்டில தூசி இருக்காது சார்" என்று படுக்கையிலிருந்தபடியே சாட்சி சொன்னவர் அருணகிரிதான். வருஷாவருஷம் புத்தாண்டுக்கு முதல் போனும் அவரிடமிருந்துதான் வரும்.

"வேணாம்னா எடுத்துடறேன் சார். இன்னும் வார்னிஷ் அடிக்கல. தின்னர்ல ஒரு தொட தொடச்சா போயிடும்."

அவள் நீட்டிய பஞ்சுக் குச்சியைக் கண்ணாயிரம் வாங்கினார். கை தானாகவே கதவருகே போனது. எத்தனை லாவகம், எத்தனை பழக்கம்! கையைப் பாதியில் நிறுத்தினார். பெஞ்சு, டம்ளர், படக் கண்ணாடி என்று முப்பது வருஷமாக எதைத் துடைத்துத் திரிந்தோம் என்று நினைத்தபோது தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. தெருவில் எச்சில் தட்டைப் போட்டவனாவது அதை மறைக்காமல் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போனான்.

குச்சியைக் குப்பைக்கூடையில் எறிந்தார். "வார்னிஷ் அடிச்சிடும்மா" என்றார்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, எச்சில் தட்டுகளுக்கு நடுவே ஆட்டோ வந்து நின்றது. அருணகிரி இடுப்புப் பட்டையோடும் கைத்தடியோடும் இருந்தார். "கை குடுய்யா, தனியா எறங்க முடியாது" என்று சிரித்தார். கண்ணாயிரம் கை கொடுத்து இறக்கி, உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, விமானத்தை மடியில் வைத்தார்.

அருணகிரியின் கண் கலங்கிவிட்டது. இறக்கையைத் தடவினார், அதன் நம்பரை வாய்விட்டுப் படித்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கதவில் கண் நின்றது.

"கண்ணாயிரம் வண்டில அழுக்கா! ஒலகம் அழியப்போவுதுய்யா" என்று சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார். போகவில்லை. வாயால் ஊதிவிட்டு மறுபடி தேய்த்தார்.

"தொடைக்காதீங்க சார்."

"ஏன்யா? ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அது எண்ணெ சார். அன்னிக்கிக் காலைல கசிஞ்சுது. நான் பாத்தேன். எழுதாம தொடச்சிட்டேன்."

கைக்குட்டை நின்றது. அருணகிரி கோட்டைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார். வெளியே துப்புரவுப் பணியாளர்கள் தட்டுகளை வாரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் விமானத்தைப் பத்திரமாக மேஜைக்கு மாற்றிவிட்டுக் கைத்தடியைத் தேடினார்.

கண்ணாயிரம் ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

அருணகிரி அந்தக் கையைப் பார்த்தார். தெருவில் கிடந்த சாம்பார் சாதத்தைக் கண்ணாயிரம் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து, பல்லைக் கடித்து, அவராகவே எழ ஆரம்பித்தார். அவர் எழுந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை கண்ணாயிரம் நீட்டிய கையை மடக்கவில்லை.