நாற்பத்தெட்டாம் படம்

எங்கள் மருத்துவமனையில் முழங்கால் எக்ஸ்ரே ஒவ்வொன்றையும் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து, தேய்மானத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போட வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணில் படட்டும் என்று இந்த ஏற்பாடு. நான்கு விழுந்தால்தான் அறுவை சிகிச்சை வரிசையில் பெயர் ஏறும். அந்த இரண்டு பேர் நானும் என் கணவரும்.

போன மாதம் அறுபது படங்கள். அறுபதிலும் எங்கள் எண்கள் ஒத்துப்போயின.

"கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல கண்ணும் ஒண்ணாயிடுச்சா?" என்று பெரிய டாக்டர் சிரித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இன்று காலை ஒரு தையல்காரப் பெண்மணி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, சீட்டை என் மேஜையில் வைத்தார்.

"ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க டாக்டரம்மா. அப்போ என் முட்டி பொய் சொல்லுதா? மெஷினை மிதிச்சு மூணு மாசமாச்சு."

அவருடைய படம் நாற்பத்தெட்டாவது. திறந்தேன். எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது. நடுவில் மயிரிழை இடமில்லை. நான்கேதான். என் தாளைப் புரட்டினேன். நாற்பத்துநான்காம் படத்தின் எண்ணை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதிலிருந்து ஐம்பது வரை எல்லா எண்ணும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. என் தப்பு. காது சுட்டது.

பிறகு என் கணவரின் தாளை எடுத்தேன். அதிலும் அதே ஆறு வரிகள், அதே இறக்கம்.

அவர் படம் பார்த்துக்கொண்டிருந்த இருட்டறைக்குள் போய் விளக்கைப் போட்டேன்.

"நாப்பத்தெட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"பொய்! நான் வரி மாத்தி எழுதின தப்புகூட உங்க தாள்ல அப்படியே இருக்கு."

அவர் நாற்காலியைச் சுழற்றுவதை நிறுத்தினார். "முதல் பத்து பாத்தேன். மூணு ஒத்துப்போகல. ரெண்டா மூணான்னு வீட்டுலயும் சண்டை எதுக்குன்னு எல்லாத்தையும் உன் தாளைப் பாத்தே எழுதிட்டேன்... உன்மேல இருந்த நம்பிக்கைம்மா."

"ஜன்னல் திரை நீலமா பச்சையான்னு ஒரு வாரம் மல்லுக்கு நின்னீங்களே, அப்போ எங்க போச்சு இந்த நம்பிக்கை? சண்டை போட வேண்டிய ஒரே இடத்துல தலையாட்டிட்டு வந்திருக்கீங்க! அந்தம்மா மூணு மாசமா மெஷின்ல உக்காரல, தெரியுமா?"

இரண்டு தாள்களையும் பெரிய டாக்டர் முன்னால் வைத்து, என் தப்பை முதலில் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தையல்காரரின் பெயரை அப்போதே வரிசையில் சேர்த்துவிட்டு, அறுபது படங்களையும் எங்களை மறுபடி பார்க்கச் சொன்னார். தனித்தனி அறை. என் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மாலையில் ஒப்பிட்டோம். பதினேழு படங்களில் ஒத்துப்போகவில்லை.

"இது எப்படிங்க ரெண்டு?"

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு, ஓரத்துல எலும்பு வளந்திருக்கா இல்லையா?"

கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே காகிதங்களுக்காகக் காத்திருந்த தையல்காரர் நர்ஸிடம் விசாரிப்பது கேட்டது.

"உள்ள யாரும்மா சண்டை?"

"டாக்டரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும்."

"போடட்டும், நல்லா போடட்டும்" என்றார் அவர்.