துரோகி யாரென்று சொல்லட்டுமா?

சிறுவர்கள் சர்வாதிகாரியை எதிர்த்துக் கிளம்பும் அந்த நாவலைத் தலைமையாசிரியை பள்ளியில் தடை செய்திருந்தார். வீட்டில் அவருடைய மகளே அதன் கடைசி அத்தியாயத்தைத் தொடும்போது கையும் களவுமாக மாட்டினாள். புத்தகம் பறிபோனது.

மறுநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா அதே புத்தகத்தில் மூழ்கியிருந்தார்.

“ம்மா, குடு. முடிவு தெரியாம மண்டை வெடிக்குது.”

“போடி. குப்பை. பசங்களை எப்படிக் கெடுக்குதுன்னு பார்த்துட்டிருக்கேன்.”

“அந்தப் பசங்களோட தலைவியைக் காட்டிக் குடுத்தது யாருன்னு தெரிஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லட்டுமா?”

“ஐயோ, வாயைத் திறக்காதடி!”

“அப்போ புக்கு?”

பக்கத்தை மடித்தாலே பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுக்கும் அம்மா, கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்து நீட்டினார்.

“படிச்சுத் தொலை. மூச்சு விட்டே, அவ்வளவுதான்!”