பிரஸ்ஸுக்கு வைத்த கண்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. சால்டரிங் வேலை செய்கிறவனுக்கு அது ஆகாது. அன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தப் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்ததுமே கோபம் வந்துவிட்டது.

அங்கே தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸுக்கு நான்தான் கண் வைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் நாலு இன்ஃப்ராரெட் எல்.இ.டி., எதிர்ப் பக்கம் அதை வாங்கும் ரிசீவர். நடுவில் கை வந்தால் ஒளி தடைபடும், பிரஸ் இறங்காது. அதில் வேலை செய்யும் குப்பம்மாவின் பத்து விரல்களுக்கும் அதுதான் காவல். இப்போது ஒளி தடைபட்டதும் பிரஸ்ஸை நிறுத்தும் சுவிட்சில், அதாவது ரிசீவரின் ரிலேயில், ஒரு ஒயரைக் குறுக்கே முறுக்கிவிட்டிருந்தார்கள். இனி கை உள்ளே இருந்தாலும் பிரஸ் இறங்கும்.

"யார் சார் இந்த ஒயரைப் போட்டது?"

"நான்தான்," என்றார் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம். "உன் சர்க்யூட் ஊத்திக்கிச்சு ஜேம்ஸ். ஆயுத பூஜை முடிஞ்சு மெஷின ஓட்டினா, கையே இல்லாம நின்னு நின்னு போவுது. நாலு நாளா ஒயர் போட்டுதான் ஓட்டுறோம்."

என் சர்க்யூட்டாம்! பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரை எடுத்தேன். சப்ளை பன்னிரண்டு வோல்ட், சரி. டிரான்சிஸ்டரின் பேஸில் வர வேண்டிய வோல்ட்டேஜ் வந்தது. இருந்தாலும் சந்தேகம், அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தேன். அதே கதை. ரெசிஸ்டரை மாற்றினேன். அதே கதை. எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட்டை அளந்தால் அதுவும் சரி. சாதாரண பல்பாக இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். இந்தச் சனியன் எரிகிறதா இல்லையா என்று எவனுக்குத் தெரியும்? இரண்டு மணி நேரம் பாழ்.

கடைசியில் போர்டை விட்டுவிட்டு எல்.இ.டி. இருக்கும் பக்கம் போய்க் குனிந்தேன். எல்.இ.டி.க்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"எந்தக் கிறுக்கு பண்ண வேலை இது?" என்று கத்தினேன்.

குப்பம்மா எழுந்து வந்தாள். "நான்தான் நைனா. பூஜைக்கு எல்லா மிசினுக்கும் வெச்சாங்க. என் கையக் காப்பாத்துறது இந்தக் கண்ணுதானே, அதான் நல்லா அழுத்தி வெச்சேன்."

அவளை என்னவென்று திட்டுவது? கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். குறுக்கே அட்டையை நீட்டியபோதெல்லாம் ரிலே டக்கென்று விட்டது; கண் சரியாகிவிட்டது. ஒயரைக் கழற்றப் போனேன்.

"அத விடு," என்றார் சண்முகசுந்தரம். "ஒயர் இருந்தா, கைய முழுசா வெளிய எடுக்கற வரைக்கும் மெஷின் காத்துகினு நிக்கறதில்ல. ஷிப்ட்டுக்கு இருநூறு பீஸ் கூட வருது. ஒயர் இருக்கட்டும்."

நான் வாய் திறப்பதற்குள் குப்பம்மா கேட்டாள்.

"அந்த ஒயரு இருந்தா கண்ணு வேல செய்யாதா நைனா?"

"செய்யாதும்மா. நாலு நாளா செய்யலை."

அவள் தன் ஸ்டூலை இழுத்து அவர் முன்னால் போட்டாள். "குந்து சார்."

"இன்னா திமிரா?"

"கண்ணு பாத்துகினு கீதுன்னு நம்பி நாலு நாளா உள்ள கைய உட்டேன். ஒரு வார்த்த சொன்னியா நீ? ஒயரு இருக்கட்டும். நீ குந்திகினு பீஸ எடு. மிசினு எறங்க நான் பெடல மிதிக்கிறேன்."

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சண்முகசுந்தரம் உட்காரவில்லை. அவருடைய வலது கை மெதுவாகப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது.

குப்பம்மா என்னிடமிருந்து கட்டரை வாங்கி, அந்த ஒயரை அவளே வெட்டினாள்.