குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர்

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் அன்வர் பாட்சாவுக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது. மனதில் பட்டதை மறைக்கவும் வராது. அவர் மகள் ஷிஃபா அதைத்தான் நம்பியிருந்தாள். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் இப்போது வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று தோஹாவிலிருந்து மாப்பிள்ளை அர்ஷத்தும் அவன் உம்மா சாரா உம்மாளும் வீடியோவில் பெண் பார்க்க வந்தார்கள். லேப்டாப் ஷிஃபாவுடையது.

"நாங்க தனியாப் பேசணும்னா அவங்களுக்குக் கேக்காம இருக்க ஒரு பட்டன் இருக்காமே, எதும்மா அது?" என்று முன்னதாகவே கேட்டார் அன்வர் பாட்சா.

மேல் வரிசையில் குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர் படத்தைக் காட்டினாள் ஷிஃபா. "இதான் அத்தா."

அதை அழுத்தினால் அவர்கள் பேசுவதுதான் இங்கே கேட்காது. இங்கே பேசுவது அங்கே நன்றாகவே கேட்கும். அது அவளுக்குத் தெரியும்.

சலாம் சொல்லி, நலம் விசாரித்த கொஞ்ச நேரத்தில் அன்வர் பாட்சா பொத்தானை அழுத்தினார். சத்தம் அடங்கியது.

"என்ன நுஸைபா, மாப்பிள்ளை ஐஸ்ல வச்ச வஞ்சிரம் மாதிரி முழிக்கிறாரு?"

"மெதுவாப் பேசுங்க" என்றாள் மனைவி.

"கேக்காதுங்கிறேன்ல. அந்தம்மாவுக்கும் வாய் காது வரைக்கும் இருக்கு. நம்ம பிள்ளைக்கு வேற சோறு வடிக்கக்கூடத் தெரியாது. வாயைத் தொறந்தா எதிர்வாதம். இதையெல்லாம் மறைச்சா நாளைக்கு நம்மளத்தான ஏசுவாங்க?"

திரையில் சாரா உம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தாள் ஷிஃபா. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் காரியம் முடிந்தது என்ற நிம்மதி.

அன்வர் பாட்சா மறுபடி அழுத்தினார். அறை முழுக்கச் சிரிப்புச் சத்தம் வந்து விழுந்தது.

"அண்ணே, நீங்க பேசினது அம்புட்டும் கேட்டுச்சு!" சாரா உம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ வீடு பாத்துட்டோம். எல்லாரும் எம்புள்ள தங்கம், தங்கம்னாங்க. குறையைச் சொன்ன மொத வீடு ஒங்க வீடுதான். எங்களுக்கு ஒங்க பிள்ளைதான் வேணும்."

"சோறு நான் வடிப்பேன் மாமா" என்றான் அர்ஷத்.

அன்வர் பாட்சா முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்தார். 'அண்ணே' அந்த நிமிடமே 'சம்பந்தி' ஆகிவிட்டது.

ஷிஃபாவுக்கு வேறு வழி தெரியவில்லை. திரைக்கு முன்னால் வந்து நேராகவே சொன்னாள்: "எனக்குச் சென்னையில வேலை கெடச்சிருக்கு. ஒரு வருஷமாவது பாக்கணும்."

"தாராளமாப் போயிட்டு வாம்மா. நாங்க காத்திருக்கோம்" என்றார் சாரா உம்மாள்.

"இதுக்கு மேல நல்ல எடம் எங்கிட்டுப் போயித் தேடுறது?" என்று மகளைப் பார்த்தார் அன்வர் பாட்சா.

மறுப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஷிஃபாவுக்கு வந்த ஆத்திரமெல்லாம் அதனால்தான்.