உமையாளுக்கு பிளெய்ன் டெக்ஸ்டில் ஒரு வரி

பிரிந்துபோன மனைவியைத் திரும்பக் கூப்பிடும் வரிக்கு நாற்பத்தைந்து ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. பேரம் கிடையாது என்று பலகை தொங்கியது. நாற்பதுக்குக் கேட்டேன். பலகை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

வரிகளை அனுப்பிக் கொடுக்கும் அந்தக் கடையின் கவுண்டரில் திரவியம் என்பவர் இருந்தார். அலங்காரத்தோடு போகும் ரிச் டெக்ஸ்டா, வெறும் எழுத்தாகப் போகும் பிளெய்ன் டெக்ஸ்டா என்று கேட்டார்.

நான் புரோகிராமர். பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் பிளெய்னைச் சிபாரிசு செய்கிறவன். சொந்தக் காரியம் என்று வந்ததும், போன மாதம் ரிச்சில் அனுப்பிவிட்டேன். தடித்த எழுத்து, மருதாணி நிறம், பின்னால் லேசான நிழல். உமையாளும் புரோகிராமர்தான். அவளிடம் இருப்பது அலங்காரம் காட்டத் தெரியாத பிளெய்ன் எடிட்டர். அதில் திறந்ததும் எழுத்துரு அளவும் நிறக் குறியுமாக நான்கு பக்கம் கொட்டியிருக்கிறது. நான் சொன்னதை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சாக்கு வந்துச்சு, சரக்கைக் காணோம்" என்று பதில் போட்டிருந்தாள்.

திரவியம் என் பெயரைப் பதிவேட்டில் பார்த்தார்.

"ஆளுக்கு ரெண்டு தடவைதான் சார். இது ரெண்டாவது."

ரிச் வரிசையில் ஒருவருக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். நடக்கும்போது அது தரையில் உரசியது. பிளெய்ன் வரிசையில் எல்லோரும் ஒரே அகலம். யாரும் யாரோடும் பேசவில்லை. நான் போய் நின்றதும் என் தோள்களும் அளவுக்கு வந்தன.

"பிளெய்ன்ல என்ன கழியும்?" என்று கேட்டேன்.

"சொல்ற தொனி கழியும். ஆனா எந்த மெஷின்லயும் திறக்கும்."

"தொனியில ஒரு ஓரமாவது..."

"சில்லறையா குடுக்கறதில்ல சார்."

கையெழுத்துப் போட்டேன். என் தொண்டையில் இருந்ததை ஒரு எவர்சில்வர் தட்டில் வாங்கி உள்ளே வைத்தார். வரியைச் சொன்னேன். யாரோ சொன்னதுபோல இருந்தது.

வெளியே போகும் வராந்தா நீண்டுகொண்டே போனது. பதில் வரும்வரை அப்படித்தான் என்றார்கள். மூன்று நாள் நடந்தேன். எதிரே ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கோப்பு உடனே திறந்ததாம். பெட்டியைக் கட்டிக் கதவருகே வைத்திருக்கிறாளாம். கிளம்புமுன் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

"இது கோபமா சொன்னதா, ஆசையா சொன்னதா?"

கோப்பைத் திறந்து தேடினேன். இரண்டும் இல்லை. தொண்டையிலும் தேடினேன்.

"வீட்டுக்கு வா" என்று இருந்தது. ஆறு எழுத்து, ஓர் இடைவெளி. கணினிக் கணக்கில் முப்பத்தேழு பைட். மறுபடி எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.