யாருடைய இடுப்பு?

பாட்டில் எந்த ஷாட் எத்தனை வர வேண்டும் என்று டைரக்டர் அனுப்பிய தாளில் மொத்தம் நாலே வரிதான். இடுப்பு இருபத்து மூன்று, தொடை ஒன்பது, முதுகு ஆறு, முகம் ஒன்று. கறிக்கடைக்குக் கொடுத்தனுப்பிய சீட்டு தோற்றது போங்கள். எடிட்டர் அதை இரண்டு முறை படித்தாள்.

மூன்றரை நிமிடப் பாட்டு. பாடி ஆடுகிறவர் பெயர்பெற்ற பாடகர். அவருக்கு ஜோடியாக ஆடியவள் எடிட்டரின் நாத்தனார். இதற்கு முன் ஏழு பாட்டில் ஆடியிருக்கிறாள், ஒன்றில்கூட அவள் முகம் வந்ததில்லை. டிவியில் பாட்டு ஓடினால் மாமியார் கண்ணை இடுக்கிக்கொண்டு, "இது நம்ம பொண்ணு முதுகுதானே?" என்று மருமகளைக் கேட்பாள். பெற்றவளே முதுகை வைத்து அடையாளம் கண்டுபிடிக்க வேண்டிய பிழைப்பு!

அன்று காலை நாத்தனார் வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, இதுலயாவது என் மூஞ்சி வருமா?"

"வராம எங்க போகும்? நான்தானே வெட்டப் போறேன்" என்று வாயை விட்டுவிட்டு வந்திருந்தாள் எடிட்டர். இப்போது கையில் இந்தத் தாள். டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பொண்ணு முழுப் பாட்டையும் ஒரே டேக்ல ஆடியிருக்கா. பிரமாதமா இருக்கு. அதை வெச்சுக்கலாமா?"

"அம்மா தாயே, மூஞ்சிய யாரு பாக்கறா? தாள்ல இருக்கறதை மட்டும் செய்யுங்க."

எடிட்டருக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை அவள், வேலை செய்கிற ரகம். தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. இடுப்பு என்று இருக்கிறதே தவிர, யாருடைய இடுப்பு என்று எங்கேயும் இல்லை. அதை எழுத வேண்டும் என்றே அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

சரி, எழுதாதது அவர் தப்பு. எடிட்டர் பாடகரை எடுத்துக்கொண்டாள். நாலு கேமராவில் எடுத்த படம். யாரை வேண்டுமானாலும் பெரிதாக்கி வெட்டலாம். இத்தோடு வேலை போனாலும் போகட்டும் என்று தெரிந்தேதான் செய்தாள். கையோடு, நாத்தனாரின் முழு ஆட்டத்தையும் தனியாகத் தயார் பண்ணி வைத்தாள்.

மறுநாள் டைரக்டரும் பாடகரும் பார்க்க வந்தார்கள். பாடகர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். திரையில் பெல்ட் வந்தது. அடுத்து சட்டைப் பொத்தான். பிறகு பொத்தானை முட்டிக்கொண்டு நின்ற தொப்பை, மெதுவாக, மிக மெதுவாகக் குலுங்கியது. பத்தாவது இடுப்புக்குப் பாடகரின் கால் கீழே இறங்கிவிட்டது. தொடை வந்தபோது சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நிறுத்துங்க! பாடினது நானா, என் தொப்பையா?"

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தாள்ல இருக்கறதைத்தான் சார் செஞ்சேன். வேணும்னா எண்ணிக்கோங்க. யாரோடதுன்னு நீங்க போடல."

பாடகர் தாளை வாங்கிப் படித்தார். டைரக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கா இதை எழுதினீங்க?"

"சார், வழக்கமா எல்லாப் பாட்டுலயும்..."

"ரெண்டு நிமிஷம் பாக்கறதுக்குள்ள எனக்கே உடம்பு கூசுது, வழக்கமாம்!" எடிட்டர் பக்கம் திரும்பினார். "வேற ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?"

எடிட்டர் நாத்தனாரின் முழு ஆட்டத்தையும் போட்டுக் காட்டினாள். பாட்டு முடிந்தபோது பாடகர் தன்னை மறந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "இதுதான் வெளியே போகுது" என்றார். டைரக்டரும் தலையாட்டினார். வேறு எதை ஆட்டுவார், பாவம்.

அன்று மத்தியானமே நாத்தனாரைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள் எடிட்டர். அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். பாட்டு முடிந்தும் அசையவில்லை. எடிட்டருக்குப் பயம் வந்துவிட்டது.

"என்னடி, பிடிக்கலையா?"

"அண்ணி... ஆடும்போது நான் சிரிக்கறேனா?"

எட்டுப் பாட்டு ஆடியவளுக்கு அதுவரை அது தெரியாது. எடிட்டருக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

நாத்தனார் நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டாள்.

"திரும்பப் போடுங்க அண்ணி. நல்லா சத்தமா வைங்க."